பதினேழு பேருக்குச் சிறுகிழங்கு

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் தார்சாவில் சாக்கு அடிக்கிற சத்தம் கேட்கும். ஐந்து கிலோ சிறுகிழங்கைப் பழைய சணல் சாக்கில் கொட்டி, வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் ஒரு முனையும் அவர் மகன் ஒரு முனையுமாகத் தரையில் அறைவார்கள். கிழங்கோடு கிழங்கு உரசி, ஒட்டியிருந்த செம்மண்ணும் மேல்தோலில் பாதியும் உள்ளேயே கழன்றுவிடும். அவிழ்த்துச் சொளகில் கொட்டினால் மழை பெய்த வயலின் வாசம் வீடெல்லாம் பரவும். மீதித் தோலைக் கையால்தான் எடுக்க வேண்டும். நெல்லிக்காய் அளவுக் கிழங்கு. ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து எடுத்து, கத்தி முனையால் சுரண்டி, கண் இருக்கிற இடத்தைத் தோண்டி, திரும்பவும் தண்ணீரில் போட வேண்டும். பத்துக் கிழங்கு முடிவதற்குள் பெருவிரல் கறுத்துவிடும். அந்தக் கறை நாலைந்து நாளைக்குப் போகாது.

நான் சென்னையில் பள்ளி ஆசிரியை. கணவருக்குச் சேரன்மகாதேவி பக்கம், தாமிரபரணிக் கரையில் ஊர். கல்யாணமாகி 33 வருடமாகிறது. ஒரு தைமாதம் சென்னையிலேயே அரைக்கிலோ சிறுகிழங்கு கிடைத்ததென்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து தோல் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பொரியல் வைத்து நானும் அவருமாகச் சாப்பிட்டோம். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. இது தனியாளுக்கான காயே இல்லை. பத்துக் கை சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பேச்சு முடிவதற்குள் முடிந்துபோகும் வேலை, ஒரு கைக்குத் தண்டனையாகிவிடுகிறது. பொங்கல் சமையலே அப்படித்தான் அமைந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கூட்டம் வந்ததால் இவ்வளவு சமைக்கிறோம் என்பது பாதிதான். இவ்வளவு சமைக்க வேண்டியிருப்பதால்தான் கூட்டம் வருகிறது.

2026-ல் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. வெள்ளி, சனி அரசு விடுமுறை. பிறகு ஞாயிறு. நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. அதற்கான ஏற்பாடு நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிட்டது. ரயிலில் முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்போது சென்னையில் நாங்கள், பெங்களூரில் கொழுந்தன் மகள், கோயம்புத்தூரில் மைனி வீட்டார் என்று ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் பஸ்ஸிலும் காரிலும் வந்து சேர்ந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தபோது வீட்டில் 17 பேர்.

பொங்கலை அறுவடைத் திருநாள் என்று பாடப் புத்தகத்தில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு அது அப்படியே பொருந்தும். சம்பா அறுத்துப் புது நெல் வீட்டுக்கு வருகிற நேரம் அது. தாமிரபரணிப் பாசனத்தில் கதை வேறு. எங்களுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவம். காரை ஆனி ஆடியில் நட்டுப் புரட்டாசியில் அறுப்பார்கள். பிசானத்தை ஐப்பசி கார்த்திகையில் நட்டால் மாசி பங்குனியில்தான் அறுவடை. ஆக, தை முதல் தேதியன்று எங்கள் வயலில் நெல் இன்னும் பச்சையாகத்தான் நிற்கும். அப்போது மண்ணுக்குள்ளிருந்து வீட்டுக்கு வருவது கிழங்குதான். ஆனி ஆடியில் கொடி நட்ட சிறுகிழங்கு மார்கழியில் தோண்டத் தயாராகிவிடும். சேனை, சேம்பு, பிடிகிழங்கு, சீனிக்கிழங்கு எல்லாம் சந்தைக்கு வந்துவிடும். ஆடி ஆவணியில் விழுந்த பனம்பழக் கொட்டையை மண்ணில் புதைத்து வைத்திருந்தால் பனங்கிழங்கும் தயார். புத்தரிசி இல்லாத குறையை எங்கள் பக்கத்துப் பெண்கள் கிழங்கால் நிரப்பிவிட்டார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலும் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டிலும் பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளில் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் கால் வைக்க இடமிருக்காது.

சிறுகிழங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. உருளைக்கிழங்கின் குட்டி போல இருந்தாலும் அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. உருளை கத்தரிக்காய்க் குடும்பம். சிறுகிழங்கு துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பம். கொடியின் இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு தெரியும். ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஏனோ சீன உருளைக்கிழங்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேரளத்தில் கூர்க்கா. திருவனந்தபுரத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதில் ஸ்ரீதாரா என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. எத்தனை ரகம் வந்தாலும் தோல் எடுக்க ஆள் வேண்டும்.

சேனையும் சேம்பும் வேறு மாதிரிச் சிரமம் கொடுக்கும். நறுக்குகிறவர் கை அரிக்கும். அவற்றுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. அது தோலில் குத்துவதுதான் அரிப்பு. அத்தை, அதாவது என் மாமியார், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் அரிவாள்மனையில் உட்காருவார். நறுக்கிய துண்டுகளைப் புளித்தண்ணீரில் அலசி எடுப்பார். ஆனால் அந்தப் புளியைக் குழம்பில் எப்போது ஊற்றுவது என்பதில் கறாராக இருப்பார். கிழங்கு நன்றாக வெந்து, கரண்டிக் காம்பு உள்ளே இறங்கின பிறகுதான். முதலிலேயே ஊற்றினால் விறகு தீருமே தவிரக் கிழங்கு வேகாது. புளிப்பு காய்கறியின் நாரை இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்ற காரணத்தை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் கைப்பழக்கத்தில் தெரிந்துவைத்திருந்தார்.

அத்தை காலத்தில் காய் நறுக்குவது முழுக்கப் பெண்கள் வேலை. ஆண்கள் திண்ணையில் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் படுக்கப் போய், நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிப்போம். பொங்கல் அன்று மத்தியானம் இலை போடும்போது எனக்கு உட்காரவே முடியாமல் தூக்கம் சொக்கும். அதைப் பண்டிகை என்று சொல்ல மனது வந்ததில்லை. 2018-ல் அத்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், திண்ணையில் இருந்த இரண்டு மகன்களையும் கூப்பிட்டார். “ஏலே, திங்கதுக்கு மட்டும்தான் கையி இருக்கா?” என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அன்றைக்குத்தான் என் கணவர் முதல் சிறுகிழங்கைச் சுரண்டினார். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. இப்போது அவர் சுரண்டுகிற கிழங்கில் தோல் மட்டும்தான் போகிறது. வீட்டில் நடந்த மாற்றங்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அத்தை 2021-ல் போய்விட்டார். அதையடுத்து வந்த 2022-ல் எங்களுக்குப் பொங்கல் இல்லை. அடுத்த வருடம், 2023-ல், யாருக்கும் முன்னால் நின்று செய்யத் தெம்பில்லை. சாப்பாட்டுக்கு வெளியில் சொல்லிவிட்டோம். வாசலில் பேருக்கு ஒரு பால்பானை வைத்து இறக்கினோம். பதினொன்றரைக்கு வண்டி வந்தது. அவியல், சாம்பார், பொரியல், இரண்டு பாயசம், எல்லாம் சுத்தமாக, நேரத்துக்கு வந்தன. ருசியும் நன்றாகவே இருந்தது. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இருபது நிமிடத்தில் பந்தி முடிந்தது. கை கழுவிவிட்டு ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்தோம். மூன்று மணிக்கு மைனி என்னிடம் வந்து, “இனிமே என்ன மதினி செய்ய?” என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. மறுநாள் காலையில் சுண்டக்கறிக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. கொழுந்தன் குடும்பம் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டது. 2024 மார்கழியில் நான் போன் போட்டு எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: வரும்போது அவரவர் கத்தியைக் கொண்டு வாருங்கள். அன்றிலிருந்து கொண்டு வருகிறார்கள்.

இந்த முறை தார்சாவில் பாய் விரித்து நடுவில் காயைக் குவித்தோம். வாழைக்காய், ஏத்தங்காய், தடியங்காய், பூசணி, சீனியவரை, அவரை, புடலை, முருங்கை, கத்தரி, மாங்காய், பச்சை மொச்சை, அதோடு கிழங்கு வகைகள். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்கிற இங்கிலீஷ் காய் எதுவும் பொங்கலுக்கு எங்கள் அடுக்களைக்குள் வராது. எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பார்கள். 21 வந்தால் விசேஷம். நாங்கள் எண்ணியதில் 19 தேறியது. கொழுந்தன் மகள் எழுந்து போய்ப் பின்வாசலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருந்த சுண்டைக்காயையும் கோவைக்காயையும் பறித்து வந்து கணக்கைச் சரிசெய்தாள்.

மொச்சை உரிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு. மைனியின் ஒன்பது வயதுப் பேத்தி ஒவ்வொரு பயறையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிதுக்கி, அது எகிறி எங்கே விழுகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நடக்க நடக்கத்தான் பேச்சும் வரும். கையில் வேலை இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பார்த்துச் சொல்ல முடியாதது அப்போது வாயில் வந்துவிடும். கொழுந்தன் மகன் வேலையை விட்டு இரண்டு மாதமாயிற்று என்ற சேதி இந்த வருடம் சேனைக்கிழங்குக்கு நடுவில்தான் வெளியே வந்தது. யாரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. என் கணவர், “அதுக்கென்ன, பார்த்துக்கலாம்” என்று சொல்லி அவன் பக்கம் இன்னும் நாலு சேம்பைத் தள்ளினார்.

என் தம்பி பொங்கப்படி கொண்டு வந்ததும் அன்று சாயங்காலம்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாணமான பெண்ணுக்குப் பொங்கல்தோறும் பிறந்த வீட்டிலிருந்து வருகிற சீர் அது. பச்சரிசி, மண்டைவெல்லம், தேங்காய், பழம், இலையோடு கூடிய மஞ்சள்குலை, ஒரு ஜோடி கரும்பு, கிழங்கு, கொஞ்சம் பணம். 1993-ல் என் தலைப்பொங்கலுக்கு அப்பா வெண்கலப் பானை கொண்டு வந்தார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பி நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறான். போனிலேயே பணம் அனுப்பிவிடலாமே, எதற்கு அலைகிறாய் என்று ஒரு தடவை சொன்னேன். “கரும்பை எப்படிக்கா போன்ல அனுப்ப?” என்று கேட்டான். காபி குடித்துவிட்டு, அரை மணி நேரம் சிறுகிழங்கும் சுரண்டிவிட்டுத்தான் போனான்.

பொங்கல் அன்று விடியற்காலம் வாசலில் கோலத்தின் மேல் பொங்கக்கட்டி வைப்போம். களிமண்ணில் பிடித்துக் காயவைத்து, சுண்ணாம்பும் காவியும் பூசிய மூன்று கட்டிகள்தான் அடுப்பு. எரிக்கக் காய்ந்த பனையோலை. ஓலைத்தீ ஆளுயரத்துக்கு எழும், அடுத்த நிமிடம் அடங்கிவிடும். அதனால் பானை பொங்குகிற வரைக்கும் ஒருவர் ஓலையை உருவி உருவிக் கொடுக்க, ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா கொடுத்த அதே பானையின் கழுத்தில் தம்பி கொண்டு வந்த மஞ்சள்குலையைக் கட்டி, பாலும் அரிசி களைந்த கழுநீரும் ஊற்றினோம். கழுநீர் சும்மா ஊற்றுவதில்லை. அதிலிருக்கிற மாவும் பாலும் சேர்ந்து கொதியில் எழும்பும் குமிழியை உடையவிடாமல் தாங்கிப் பிடிக்கும். வெறும் தண்ணீர் கொதிக்கும், பொங்காது. நுரை விளிம்புக்கு வந்து ஒரு கணம் நின்று, கிழக்கே வழிந்தது. மைனி குலவை போட்டாள். தெருவில் நாலைந்து வாசலில் அதே சமயம் குலவை எழுந்தது. அதற்குப் பிறகுதான் அரிசி. வயதில் மூத்தவரிலிருந்து மொச்சை உரித்த பேத்தி வரைக்கும் கை நிறைய அள்ளிப் போட்டோம். ஒரு பானையில் வெண்பொங்கல். மிளகும் சீரகமும் நெய்யும் போட்ட ஹோட்டல் பொங்கல் இல்லை, பாலும் தண்ணீரும் விட்ட வெறும் சோறுதான். இன்னொன்றில் சர்க்கரைப் பொங்கல்.

அன்றைய இலையை விவரிக்கப் போவதில்லை. எல்லா வீட்டிலும் அது நன்றாகத்தான் இருக்கும். மறுநாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு அடுத்த நாளை எங்கள் பக்கம் கரிநாள் என்போம். பல வீடுகளில் அன்று கறி எடுப்பார்கள். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் கட்டுச்சோறோடு கூட்டம் போகும். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு முடியாமல் ஒருவரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

முந்தின நாள் இரவே அதற்கான வேலை தொடங்கிவிடும். மிஞ்சின வெண்பொங்கலில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்போம். குழம்பு, அவியல், சிறுகிழங்குப் பொரியல், மொச்சைக் கூட்டு, மிஞ்சினது எல்லாவற்றையும் பெரிய மண்சட்டியில் ஒன்றாகக் கொட்டுவோம். தயிர்ப் பச்சடியும் பாயசமும் மட்டும் அதில் விழக் கூடாது. ஒரு கொதி விட்டு இறக்கி வைத்தால் இரவு தாங்கும். விடிந்ததும் அடுப்பில் ஏற்றி, தீயைச் சிறிதாக்கி, ஒருவர் பக்கத்திலேயே நின்று கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு தண்ணீர் வற்ற வற்றக் கிழங்கின் மாவு கரைந்து சாறு கெட்டிப்படும். அவியலின் தேங்காய் எண்ணெய் ஓரத்தில் கக்கும். வாழைக்காய் எது, தடியங்காய் எது என்று அடையாளம் தெரியாது. முருங்கைக்காய் மட்டும் முழுசாக நிற்கும். நிறம் மஞ்சளிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வரும். அடி லேசாகப் பிடிக்கிற வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். இதுதான் சுண்டக்கறி. நாஞ்சில் நாட்டில் பழங்கறி என்பார்கள். 21 காயும் அவற்றை நறுக்கிய அத்தனை கைகளும் அந்தச் சட்டிக்குள் ஒன்றாகிவிடும். இந்த ருசியைப் புதிதாகச் சமைத்துக் கொண்டுவர முடியாது. முந்தின நாள் விருந்து நடந்திருக்க வேண்டும், கொஞ்சம் மிஞ்சியும் இருக்க வேண்டும்.

அதைச் சாப்பிடுகிற முறையும் தனி. அத்தை அடுக்களையில் காலை நீட்டி உட்கார்ந்து, நீத்தண்ணீரை இறுத்துவிட்டுப் பழையதை அப்படியே சட்டியில் போட்டுப் பிசைவார். சுற்றிலும் நாங்கள் உட்கார வேண்டும். தட்டு கிடையாது. கையை நீட்டினால் ஓர் உருண்டை உருட்டி உள்ளங்கையில் வைப்பார். அதன் தலையில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அதற்குள் இன்னும் கொஞ்சம் கறி. மருமகளென்றும் மகளென்றும் அதில் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், தயங்கித் தயங்கி நான் கை நீட்டியபோது, “நல்லா விரிச்சு நீட்டுட்டி, வழிஞ்சிரப் போவுது” என்றார். அந்த வீட்டில் எனக்கு அச்சம் போனது அன்றைக்குத்தான்.

இப்போது சட்டிக்குப் பின்னால் உட்காருவது நான். ஜனவரி 16 காலையில் 17 பேரில் 16 பேர் என்னைச் சுற்றி இருந்தார்கள். பெங்களூரில் காலையில் ஓட்ஸ் தவிர வேறெதுவும் தொடாத கொழுந்தன் மகள் மூன்றாவது முறை கை நீட்டினாள். வேலையை விட்ட பையன் நீத்தண்ணீரில் உப்பும் மோரும் கலந்து டம்ளரில் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். கிண்டிக் கிண்டி அடியில் பிடித்திருந்த காந்தலுக்கு வழக்கம்போல் போட்டி. அதைச் சுரண்டி நாலாகப் பங்கு வைத்தேன்.

உருட்டிக் கொடுக்கிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அத்தை போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் கொடுத்து முடித்ததும், மிஞ்சினதைத் தானே எடுத்துத் தின்ன வேண்டியதுதான். யாரும் உள்ளங்கையில் வைக்க மாட்டார்கள். சட்டியில் ஒரு பிடி கிடந்தது. அதை வழித்துக்கொண்டிருந்தபோது மைனியின் பேத்தி என் கையை விலக்கிவிட்டுத் தன் கையைச் சட்டிக்குள் விட்டாள். அவள் கைக்கு அது அடங்கவில்லை. பாதி உதிர்ந்தது. இரண்டு கையாலும் அமுக்கி, கோணல்மாணலாக ஓர் உருண்டை பிடித்து, மறக்காமல் கட்டைவிரலால் குழி செய்து, ஒரு முருங்கைக்காய்த் துண்டை அதில் செருகினாள்.

“ஆச்சி, கையை விரிங்க” என்றாள்.